பிரான்சைஸ் எடுக்கும் முன் சங்கத்துக்கு ஒரு நடை

தண்டையார்பேட்டை பக்கம் டீக்கடை பிரான்சைஸ் (ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுக்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கட்டும் முன் ஏரியா வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அதே பிராண்டை எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர் யாராவது அங்கே சிக்கலாம். "மாசாமாசம் எவ்ளோ சரக்கு தலையில கட்டுறாங்கண்ணே?" என்று கேளுங்கள். கம்பெனிக்காரர் காட்டும் கலர் நோட்டீஸில் அது இருக்காது.

இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் கைகொடுக்கும். அதனால் பத்திரத்தில் இருப்பதுதான் பேச்சு. என் மச்சான் கடை திறந்த ஆறாம் மாதம், நாலு தெரு தள்ளி அதே போர்டு தொங்கியது. எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொரு கிளை வராது, டெபாசிட் எப்போது திரும்பும், இரண்டையும் எழுதி வாங்குங்கள். சங்கத்துக்குப் பழக்கமான வக்கீல் இருந்தால் அவரிடமே காட்டலாம். பிராண்ட் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதை டிரேட்மார்க் இணையதளத்தில் நீங்களே இலவசமாகத் தேடலாம்.