கொழிஞ்சாம்பாறையிலிருந்து கரி டிராக்குக்கு

போன தடவை தப்பு முழுக்க என்னுடையதுதான். கோயம்புத்தூர் பக்கம் இருக்கும் கரி டிராக் என்ற மோட்டார் பந்தயத் தடத்தில், ஞாயிறு மதியம் கடைசிப் போட்டிக்கு மட்டும் போனோம். வேலந்தாவளம் தாண்டி, ஒத்தக்கால்மண்டபம் வழியாகச் செட்டிபாளையம் சேர்வதற்குள் நல்ல இடமெல்லாம் நிறைந்துவிட்டது. நேர்பாதைக்குப் பக்கத்தில் நின்றோம். வண்டிகள் சர்ரென்று போனதைத் தவிர எதுவும் புரியவில்லை. இரைச்சலில் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இந்த முறை சனிக்கிழமையே போனோம். அன்றுதான் தகுதிச் சுற்று. யார் எவ்வளவு வேகமாக ஒரு சுற்றை முடிக்கிறார்களோ, அந்த வரிசையில்தான் மறுநாள் நிற்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் யாரைக் கவனிப்பது என்று தெரிந்துவிடும். கரி டிராக் சுமார் 2 கிலோமீட்டர்தான், அதனால் அதே வண்டி சீக்கிரமே திரும்ப வந்துவிடும்.

முக்கியமாக, இடத்தை மாற்றினேன். நீண்ட நேர்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்தோம். எல்லாரும் பிரேக் பிடிப்பது அங்கேதான், முந்துவதும் அங்கேதான். ஒருத்தர் அரை நொடி தாமதமாகப் பிரேக் பிடித்து உள்பக்கம் நுழைவது கண்முன்னே தெரிந்தது.

மகளுக்கு மரமில்லில் போடும் காதுக்கவசம் வாங்கிப் போட்டேன். தொப்பி, தண்ணீர், புளிச்சோறு கையோடு. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் நம்ம கோயம்புத்தூர்க்காரர் என்றதும், "நானும் ஓட்டலாமாப்பா?" என்றாள்.