ஊசியும் போட்டு விரதமும் இருப்பவர்கள் செய்யும் தவறுகள்

எடையைக் குறைக்கப் போடும் ஊசிகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. மெரினாவில் காலை நடைக்கு வருகிறவர்களிடையே இப்போது இந்த ஊசிப் பேச்சுதான். கூடவே, தினமும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் விரதப் பேச்சும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குவது முதல் தவறு. குமட்டினால் காரணம் மருந்தா, வெறும் வயிறா என்று யாருக்கும் புரியாது. ஊசியின் அளவைக் கூட்டும் வாரங்களில் விரதமே வேண்டாம் என்பது என் கட்சி. பசியைத்தான் மருந்தே அடக்கிவிடுகிறதே!

உண்மையான ஆபத்து பழைய சர்க்கரை மாத்திரையில் இருக்கிறது. இந்த ஊசி தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது அரிது. ஆனால் இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைட் மாத்திரையை வழக்கம்போல் காலையில் விழுங்கிவிட்டு, அதற்குப் பின் சாப்பிடும் இட்லியை மட்டும் நிறுத்தினால், கணையம் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். வயிற்றிலோ ஒன்றும் இருக்காது. இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே கதைதான். 11 மணிக்கு மின்சார ரயிலில் கை நடுங்கி வியர்த்தால், சென்னைக்காரர்கள் வெயிலைத்தான் திட்டுவார்கள். சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். விரதம் கெட்டால் கெடட்டும். விரதத்தைத் தொடங்கும் முன்பே இந்த மருந்துகளின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்: நீண்ட பட்டினியில் ரத்தம் அமிலமாகலாம், அப்போதும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமல் ஏமாற்றும்.

பசி அடங்கினால் தண்ணீர் குடிக்கும் நினைப்பும் போய்விடுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்குடன் கத்திரி வெயிலும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். தண்ணீருக்கு விரதம் கிடையாது.

விரதத்தைப் பிரியாணியில் முடிப்பது இன்னொரு தவறு. மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. எண்ணெயும் அளவும் மிஞ்சினால் வாந்திதான். அதற்காக இரண்டு இட்லியோடு நிறுத்தினால் புரதம் போதாமல் தசை கரையும். முட்டை, மீன், சுண்டல், பனீர் என்று எதையாவது முதலில் சாப்பிடுங்கள்.

வெகோவியில் உள்ள அதே மருந்தை மாத்திரையாகத் தரும் ரைபெல்சஸை எடுப்பவர்கள் அதை ஃபில்டர் காபியோடு விழுங்கக் கூடாது. வெறும் வயிற்றில் 120 மில்லிக்கு மிகாத தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவினால், வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.