சீல் கையில் வந்த நாளில் தொடங்கும் பிழைகள்

ஒருவர் எப்படிப்பட்ட தலைவர் என்று அறிய வேண்டுமானால், கிளிநொச்சியில் சிறுபோகக் கூட்டம் நடக்கிற நாளில் வந்து பின்வாங்கில் உட்கார வேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. மாரி காலத்துக் காலபோகத்தில் மழையும் கைகொடுக்கும். மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்தில் நிற்கிற தண்ணீரை அளந்து, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவு வரும். பிறகு அதைப் பங்கு பிரிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று நாலு பக்கமும் குரல் எழும்பும்போது நடுவில் நிற்கிறவர் கமக்காரர் அமைப்பின் தலைவரோ செயலாளரோ. அவர் தன்னைப் பற்றி என்ன நினைத்திருக்கிறார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்படி நடுவில் ஏழு வருடம் நின்றவன் நான். இப்போது கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களோடு இருந்து கதைப்பதுண்டு. அவர்கள் விடுகிற பிழைகளில் அரைவாசி நான் முன்னமே விட்டவை.

முதல் பிழை, பதவியைத் தன் அடையாளம் என்று நம்புவது. என்னைச் செயலாளராக்கியதற்கு ஒரே காரணம் என் கையெழுத்து வடிவானது என்பதுதான். கூட்ட அறிக்கை எழுத வேறு ஆள் முன்வரவில்லை. ஆனால் சீல் செய்து கையில் வந்ததும் எனக்கு நடையே மாறிவிட்டது. பசளை மானியப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போது ஆட்களைக் கொஞ்ச நேரம் காக்க வைப்பதில் ஒரு சுகம் இருந்தது. இதை எழுத இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு சிறுபோகத்தில் எங்கள் வாய்க்காலின் கடைசிக் காணிகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அந்த ஆட்கள் என் வீட்டுப் படலையைத் தாண்டிப் போய், எந்தப் பதவியும் இல்லாத ஒரு வயதுபோன ஐயாவைக் கூப்பிட்டார்கள். அவர் ரோச்சும் மண்வெட்டியுமாக இரவு முழுக்க வாய்க்கால் கரையில் நடந்து, எங்கே மறித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, மறித்தவனோடு சண்டை பிடிக்காமல் அவனைக்கொண்டே வெட்டிவிடச் செய்துவிட்டு வந்தார். மறுநாள் நான் செய்தது என்ன தெரியுமா? “செயலாளரைக் கேட்காமல் வாய்க்கால் திறக்கப்பட்டது” என்று அறிக்கைக் கொப்பியில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்றும் அந்தக் கொப்பியில் இருக்கிறது.

ஏன் அவரிடம் போனார்கள் என்பது எனக்குப் பல காலம் கழித்தே விளங்கியது. ஸ்கொட் டெரூ, சூசன் ஆஷ்ஃபோர்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தலைவர் என்ற அடையாளம் ஒருவரின் உள்ளுக்குள் மட்டும் இருப்பதில்லை. ஒருவர் அதைக் கோர வேண்டும், சுற்றியிருப்பவர்கள் அதைக் கொடுக்க வேண்டும். இந்தக் கோரலும் கொடுத்தலும் திரும்பத் திரும்ப நடந்துதான் அது ஊன்றும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். கோரல் வாயால்தான் என்றில்லை. இரவில் வாய்க்கால் கரையில் நடப்பதும் கோரல்தான். ஐயா காலால் கோரினார், சனம் கொடுத்தது. நான் சீலால் கோரினேன். சனம் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இதையே மறுபக்கமாகப் பிழைவிடுகிறவர்களும் உண்டு. சனம் கொடுக்கும், அவர்கள் வாங்க மாட்டார்கள். “எனக்கேன் இந்த வேலை, வேற ஆளைப் பாருங்கோ” என்று தன்னடக்கத்தோடு சொல்லிவிட்டு, வீட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் குறை சொல்வார்கள். வன்னியில் ஆளில்லாத குறைக்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, ஒரே ஒருவரைப் பார்த்துப் பிரதி எடுப்பது. யாரையும் பார்த்துப் பழகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுப் பொறுப்புக்கு வருகிறவர்கள் பல பேரின் பாணியைச் சட்டை மாதிரிப் போட்டுப் பார்த்து, பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றித்தான் வளர்கிறார்கள் என்று ஹெர்மீனியா இபாரா என்பவர் 1999இலேயே எழுதினார். பிழை எதுவென்றால், ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு கழற்றாமல் திரிவது. எங்கள் பக்கத்தில் அந்தச் சட்டை அநேகமாகக் கட்டளைக் குரல். சொன்னால் செய்ய வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்ற பழக்கத்தில் இரண்டு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அந்தக் காலத்துக்கு அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். மரண சகாயச் சங்கத்துக்கு நூறு ரூபாய் சேர்க்கிற கூட்டத்தில் அந்தக் குரல் எதற்கு?

ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற பண்டாரவன்னியனைச் சொல்லாமல் வன்னியில் தலைமைத்துவம் பற்றிப் பேசவே மாட்டார்கள். வவுனியா நகரில் சிலை இருக்கிறது. இளைஞர்களிடம் கேட்டால் வாளும் தனி வீரமும் என்பார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் நாட்டிய கல். 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று அதில் பொறித்தார்கள். வென்றவனின் பெயரைச் சொல்ல வந்த கல் அது. ஆனால் டிறிபேர்க்கை அந்தக் கல்லுக்காகத்தான் யாருக்கும் தெரியும். தோற்றவனைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறார்கள். கல்லில் கோரியது ஒருவர், சனம் கொடுத்தது இன்னொருவருக்கு. வாளைப் பிரதி எடுக்கிற தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

“நான் இப்பிடித்தான், எனக்கு முகத்துக்கு நேரே கதைச்சுத்தான் பழக்கம்” என்பதும் ஒரு பிழை. அது நேர்மை மாதிரித் தெரியும். அநேகமாகச் சோம்பல்.

இனி அதிகம் பேசப்படாத ஒன்று: மற்றவர்கள் படிவத்தில் எழுதிய பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொள்வது. மீள்குடியேறியோர், பயனாளி, பாதிக்கப்பட்டோர், பெண் தலைமைத்துவக் குடும்பம். 2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் ஊர்களில் இந்தச் சொற்கள் அரிசி மூட்டை மாதிரி லொறியில் வந்து இறங்கின. இவற்றில் கடைசிச் சொல் விசித்திரமானது. தலைமைத்துவம் என்ற சொல் அதில் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் ‘கையெழுத்துப் போட வீட்டில் ஆண் இல்லை’ என்பதுதான்.

மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒவ்வொருவரும் தங்களை அறிமுகம் செய்யுங்கள் என்றேன். ஒரு அக்கா எழும்பி, பெயரைச் சொல்லி, “நான் பெண் தலைமைத்துவக் குடும்பம்” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அவர் பதினைந்து பேரின் சீட்டுக் காசை ஒரு சதம் பிசகாமல் பார்க்கிறவர். கட்ட முடியாமல் போன ஒருத்திக்காக மற்றவர்களைச் சம்மதிக்க வைத்து, முறையை மாற்றிக் கொடுத்தவர். இந்த இரண்டையும் அவர் சொல்லவில்லை. தலைமைத்துவம் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கடைசியாக நாலு பேர் உங்களிடம் வந்து “என்ன செய்வம் அக்கா” என்று கேட்டது எப்போது? நேற்று என்றார்.

இழப்பை மறக்கச் சொல்லவில்லை, மறக்கவும் முடியாது. அது ஒருவரின் வாழ்க்கையில் நடந்தது. அவர் செய்துகொண்டிருப்பது வேறு. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கி, 2018 பெப்ரவரித் தேர்தலில் பல பெண்கள் சபைக்குப் போனார்கள். கதிரை கிடைத்தும் “என்னைப் பட்டியலுக்காகப் போட்டவை” என்று தாங்களே சொல்கிற உறுப்பினர்களைச் சந்தித்திருக்கிறேன். அது படிவத்துப் பெயரின் இன்னொரு வடிவம்.

தன்னைப் பற்றித் தன்னிடமே கேட்பதும் பயனில்லாத வேலை. கண்ணாடி பார்த்து யோசித்து அடையாளம் வராது. என் வழக்கம் இது: கூட்டம் முடிந்த கிழமைக்குள் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கதைப்பேன். ஒருவர் தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக்குக் கிட்டக் காணி உள்ளவர், ஒருவர் வாய்க்காலின் கடைசி, மற்றவர் கூட்டத்துக்கு வராதவர். “நான் எப்படி” என்று கேட்டால் “நல்லாய்த்தானே செய்யிறீங்கள்” என்று தேத்தண்ணி தந்து அனுப்பிவிடுவார்கள். “அந்த முடிவால உங்களுக்கு என்ன நடந்தது” என்று கேட்க வேண்டும். வராதவரிடம்தான் கூடுதலாகப் படித்திருக்கிறேன்.

இறங்கத் தெரியாமல் இருப்பது கடைசிப் பிழை. ஏழாவது வருடப் பொதுக்கூட்டத்தில் சீலையும் கொப்பிகளையும் ஒரு தங்கச்சியிடம் கொடுத்தேன். ஐயாவைப் பற்றி நான் எழுதிய பக்கத்தையும் காட்டித்தான் கொடுத்தேன். அவ கெட்டிக்காரி, கணக்கு என்னைவிடச் சுத்தம். ஆனால் தண்ணீர் நின்றால் இன்றும் எனக்குத்தான் போன் வரும். “இப்ப செயலாளர் அவ, அவவுக்கு எடுங்கோ” என்று நம்பரைக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, திரும்ப அடிக்குமோ என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.