மங்கு, மஞ்சள், மருந்துக் கடை டியூப்: முகத்தைக் கெடுக்கும் அக்கறைகள்

முகத்துக்கு ஒன்றுமே போடாமல் விட்டவர்களைவிட, கண்டதையும் போட்டுப் பார்த்தவர்களின் முகம்தான் சீக்கிரம் களை இழக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எந்த ஊர்க் கல்யாணத்திலும் இதைப் பார்க்கலாம். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெண்ணுக்கும் பெண்ணின் ஆத்தாவுக்கும், சில வீடுகளில் மாப்பிள்ளைக்கும்கூட, திடீரென்று முகத்தின் நினைப்பு வந்துவிடும். ப்ளீச், ஃபேஷியல், தோழி சொன்ன சீரம், சின்னாத்தா கொடுத்த க்ரீம் எல்லாம் ஒரே வாரத்தில் ஏறும். தோலின் மேலடுக்கு புதிதாக மாறவே ஏறத்தாழ 4 வாரம் ஆகும், வயது கூடினால் இன்னும் நாளாகும். பத்து நாளில் நல்லது எதுவும் நடக்காது. ப்ளீச்சில் வெந்து சிவந்தால் அது மட்டும் தாலி கட்டும் படத்தில் தெளிவாகத் தெரியும். புதிதாக ஒன்றைத் தொடங்குவதென்றால் 3 மாதம் முன்பே தொடங்குங்கள். கடைசி 2 வாரம் எதையும் மாற்றவேண்டாம்.

இருப்பதிலேயே பெரிய தவறு மருந்துக் கடையில் நடக்கிறது. "அண்ணே, முகம் பளிச்சுன்னு ஆகுறதுக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டு வாங்குவது ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருக்கக்கூடும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்கள் டியூபின் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். எக்சிமா, சோரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கு மருத்துவர் அளவு பார்த்துத் தரும் நல்ல மருந்துகள்தான் இவை. அழகுக்காக முகத்தில் பூசும்போதுதான் வினை. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அமுக்கும், நிறமி உண்டாவதையும் குறைக்கும். அதனால் முதல் 2, 3 வாரம் முகம் பளபளக்கும். அந்தப் பளபளப்பில்தான் ஏமாந்து போகிறார்கள்.

மாதங்கள் போகப்போகத் தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும். பரு கொத்துக்கொத்தாக வரும். கன்னத்தில் பூனைமுடி அடரும். வெயிலில் இறங்கினால் முகம் எரியும். சரி, விட்டுவிடலாம் என்று நிறுத்தினால் சில நாளிலேயே சிவந்து வீங்கும். "க்ரீம் போட்டாத்தான் மூஞ்சி நல்லாருக்கு" என்று மறுபடி பூச ஆரம்பிப்பார்கள். ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. சட்டம் வந்தது, பழைய டியூபைக் காட்டிப் புது டியூப் வாங்கும் பழக்கம் போகவில்லை.

கன்னத்தில் கருந்திட்டாகப் படரும் மங்குக்கு எழுதித் தரும் மூன்று மருந்துக் கலவையும் இப்படித்தான் தப்பான வழிக்குப் போகிறது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் சில வாரங்களுக்கு என்று எழுதியதை ஆத்தா சில வருஷம் பூசுவார், அதே டியூபில் மகளும் கொஞ்சம் எடுத்துக்கொள்வாள். மாதக்கணக்கில் பூசிப் பழகிவிட்டவர்கள் இதைப் படித்த கையோடு டியூபைத் தூக்கி எறியவும் வேண்டாம். டியூபைக் கையோடு கொண்டுபோய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். படிப்படியாகக் குறைக்கும் வழி அவருக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் பெட்டியில் வரும், பெயரும் சேர்மானமும் சரியாகப் போடாத சிவப்பழகு டப்பாக்கள் இதைவிட மோசம். அவற்றில் பாதரசம் இருக்கலாம். நம் நாட்டில் முகப்பூச்சுகளில் பாதரசம் சேர்க்கத் தடை உண்டு, தற்செயலாகக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கேரளத்தின் மலப்புரம் பக்கம் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோயோடு வந்தவர்களை 2021க்குப் பிறகு மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்களில் பலர் இப்படிப்பட்ட க்ரீம் பூசிவந்தவர்கள் என்று தெரிந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது.

அடுத்தது வெயில். மாசி, பங்குனியில் மொட்டை மாடியில் வடகமும் வற்றலும் காயப்போடுகிறவர்களைக் கேட்டால், "நான் எங்க வெளிய போறேன், எனக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?" என்பார்கள். பதினொரு மணிக்கு மேலேறி, வடகம் திருப்பிப்போட்டு, காக்காய் விரட்டி, மறுபடி மூன்று மணிக்கு ஏறி அள்ளி வருவது வெளியே போவதில் சேராதாம். முற்றம் வைத்த வீட்டில் பாதி வேலை வெளிச்சத்தில்தான் நடக்கிறது. கண்ணாடி ஜன்னலும் காப்பாற்றாது. சுருக்கத்தைக் கொண்டுவரும் யுவிஏ கதிர் கண்ணாடி வழியாக வந்துவிடும். 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும், வலது கன்னம் பத்து வயது இளையவர் போல இருக்கும். பல்லவன் ரயிலில் ஏ.சி. பெட்டியின் ஜன்னலோரத்தில் சென்னைக்குப் போகிறவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

நம் நிறத்துக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். வெயிலால் வரும் மூப்பு நமக்கு முதலில் மங்காகவும் கரும்புள்ளியாகவும் தெரியும். எஸ்பிஎஃப் 30 உள்ள சன்ஸ்கிரீனே தினப்படிக்குப் போதும், அது தோலைச் சுடும் யுவிபி கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98, அவ்வளவுதான் வித்தியாசம். காசு கூடப்போட்டு 100 வாங்கி, மிளகு அளவு எடுத்துத் தடவுவதில்தான் தவறு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கவேண்டும், வெயிலிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நிறத்தைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் காலுக்கு எண்ணெய் எடுத்துவைக்கிற பையிலேயே இதையும் வைத்துக்கொள்ளலாம். தொப்பியும் துண்டும் கூட இருக்கட்டும்.

அடுக்களைக்கு வருவோம். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு பிஎச் அளவில் 2ஐ ஒட்டியது, நம் தோல் 5ஐ ஒட்டியது. அதைத் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் கொப்புளித்துக் கறுக்கவும் செய்யும். சமையல் சோடா நேர் எதிர்ப்பக்கம், அதுவும் தோலைக் கெடுக்கும். அரிசி மாவையும் சர்க்கரையையும் வைத்துப் பரபரவென்று தேய்த்தால் கீறிய இடமெல்லாம் பிறகு கறுக்கும். முட்டை வெள்ளைக்கரு காயும்போது தோலை இழுத்துப் பிடிப்பதால் சுருக்கம் போனது போல இருக்கும், கழுவினால் திரும்பி வந்துவிடும். செட்டிநாட்டில் வெள்ளைக்கருவுக்கு உரிய இடம் சுண்ணாம்போடு சேர்ந்த சுவர்ப் பூச்சு. நூறு வருஷமாகியும் கண்ணாடி போல மின்னுகிறது, ஆனால் அது சுவர்.

மஞ்சளைப் பற்றிக் குறை சொன்னால் அப்பத்தாக்கள் சண்டைக்கு வருவார்கள். வீட்டில் உரசிய மஞ்சளில் பெரிய கெடுதல் இல்லை. கடையில் வாங்கும் பொடியில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பது உண்டு, அதை முகத்தில் பூசவேண்டாம். மஞ்சளே ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெள்ளையோ தெரிந்தால் பசையில் உள்ள வேதிப்பொருள்தான் காரணமாக இருக்கும். கொஞ்சம் பெரிய பொட்டு வாங்கி மறைக்காமல், ஸ்டிக்கரை அன்றே நிறுத்துங்கள்.

இளசுகளின் தவறு வேறு வகை. பதினாறு வயதுப் பெண்ணுக்குச் சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினால் எதற்கு? வைட்டமின் சி, நியாசினமைடு, கிளைக்காலிக் ஆசிட், ரெட்டினால் என்று நான்கு சீரத்தையும் ஒரே ராத்திரியில் பூசினால் தோல் எரிந்து உரியும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று. அதையும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ரெட்டினாலை ராத்திரியில் வாரம் இரண்டு நாளிலிருந்து தொடங்கலாம். கர்ப்பமானாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ கூடவே கூடாது. எண்ணெய் வழியும் முகத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும், ஜெல் வகையாக இருந்தால் போதும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்து பரு வருகிறவர்கள் சீரத்தை மாற்றிப் பயனில்லை, எண்ணெயைக் குறைக்கவேண்டும்.

கழுத்தை ஏன் இதில் சேர்க்கிறேன் என்றால், அங்கேதான் அதிகம் தேய்க்கிறார்கள். பின்கழுத்து வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது பலருக்கு இப்படி வரும். பீர்க்கங்காய் நாரும் கடலை மாவும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க உரசலால் இன்னும் கறுக்கும். "ஆச்சி, நாரை வச்சிட்டு முதல்ல சுகர் டெஸ்ட் எடுங்க" என்று சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை. வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையும் 3 மாதச் சராசரியும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம். எடை இறங்கி, அதிரசமும் கந்தரப்பமும் விசேஷ நாளோடு நின்றுவிட்டால் பல மாதங்களில் கழுத்து மெல்ல மெல்ல வெளுக்கும். பிள்ளைகளின் கழுத்தில் தெரிந்தாலும் இதே பரிசோதனைதான்.