இரண்டு நிர்வாகிகள், ஒரே பாக்கி: பணம் செலுத்த வேண்டியவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒப்பந்தப்படி நாம் பணம் செலுத்த வேண்டிய நிறுவனத்துக்குள் அதிகாரப் போட்டி மூண்டுவிடுகிறது. பழைய நிர்வாக இயக்குநர் ஒரு கடிதமும், புதிதாக நியமிக்கப்பட்டதாகச் சொல்பவர் இன்னொரு கடிதமும் அனுப்புகிறார்கள். தம் சொற்படி செலுத்தப்படாத பணம் செல்லாது என்று இருவருமே எச்சரிக்கிறார்கள். பங்குதாரர்கள் பிரியும்போதும், கூட்டு முயற்சிகள் முறியும்போதும், நிறுவனம் கைமாறும்போதும் இது நடப்பதுண்டு. ஒப்பந்த நிர்வாகத்துக்குப் புதிதாக வருபவர்களின் கோப்புகளைப் பார்வையிடும் வேலையில் இருப்பதால், எங்கள் தலைமுறை செய்து முடித்த பிழைகள் புதிய கையெழுத்தில் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். கையொப்பத்தை ஒப்பிடுவது, மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்ப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

யார் சரி என்று நாமே தீர்ப்பு எழுதுவது

ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரிடம் இந்தக் கோப்பைக் கொடுத்தால், அவர் முதலில் நிறுவனப் பதிவேட்டைத் திறப்பார். பிறகு இயக்குநர் குழுவின் தீர்மானத்தைக் கேட்டு வாங்கி, கூட்ட அறிவிப்பு முறைப்படி அனுப்பப்பட்டதா என்று ஆராய்ந்து, கடைசியில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார். உழைப்பு பாராட்டத்தக்கது, முடிவுதான் ஆபத்தானது. பதிவேட்டில் இருப்பது ஒருவர் தாக்கல் செய்த விவரம். அந்தத் தாக்கலைச் செய்ய அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதுதான் பெரும்பாலும் தகராறே. தீர்மானத்தின் நகலும் அப்படித்தான், நிறுவனத்தின் முத்திரையும் அப்படித்தான்.

சில்லு வடிவமைப்பு நிறுவனமான ஆர்ம் (Arm) என்பதன் சீனக் கூட்டு நிறுவனத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 2020 ஜூனில் இயக்குநர் குழு தலைமை நிர்வாகியை நீக்கத் தீர்மானித்தது. ஆனால் சீனாவில் நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முத்திரையும், சட்டப் பிரதிநிதி என்ற பதிவும் அவரிடமே இருந்ததால் அவர் பதவியிலேயே தொடர்ந்தார்; 2022 ஏப்ரலில்தான் புதியவர்களின் பொறுப்பேற்பு நிறைவேறியது. இடைப்பட்ட காலம் முழுவதும் ஒரு தரப்பிடம் தீர்மானம் இருந்தது, மறுதரப்பிடம் முத்திரை இருந்தது. வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கணக்கு அதிகாரி இதில் எதை நம்புவார்?

நம்மைவிடப் பெரியவர்களும் தாமாகத் தீர்ப்பு எழுதியதில்லை. வெனிசுவேலா மத்திய வங்கியின் தங்கம் இங்கிலாந்து வங்கியின் பாதுகாப்பில் இருந்தபோது, அப்போதைய அதிபர் மதுரோ நியமித்த நிர்வாகக் குழுவும், தாமே இடைக்கால அதிபர் என்று உரிமை கோரிய எதிர்க்கட்சித் தலைவர் குவைதோ நியமித்த குழுவும் அதற்கு உரிமை கோரின. அதே மத்திய வங்கியுடன் தங்கப் பரிமாற்ற ஒப்பந்தம் வைத்திருந்த டாய்ச்ச வங்கி செலுத்த வேண்டிய தொகைக்கும் இதே போட்டி எழுந்தது. ஒப்பந்தத் தொகை நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்களிடம் வைக்கப்பட்டது. எந்தக் குழுவின் சொல் செல்லும் என்ற கேள்வி பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்த பிறகும் சில பகுதிகள் கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பின.

இரண்டாவது கடிதத்தைக் கோப்பில் சொருகிவிட்டு மறப்பது

ஒரு நிறுவனத்தின் உள்நடைமுறைகள் முறையாகப் பின்பற்றப்பட்டிருக்கும் என்று வெளியாள் நம்பி நடக்கலாம் என்பது 1856ஆம் ஆண்டின் டர்குவாண்ட் வழக்கிலிருந்து ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் நிலைபெற்ற விதி. பலர் இதைப் பாதியளவே படித்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு, ஐயத்துக்கு இடமில்லாமல் நடந்தவருக்கு மட்டுமே அந்த விதி துணை நிற்கும். எதிர்த்தரப்பின் கடிதம் நம் அலுவலகத்தில் வரவு வைக்கப்பட்ட பிறகு, ‘வழக்கமாகக் கையெழுத்திடுபவர் சொன்னதால் செலுத்தினோம்’ என்ற வாதத்தின் வலிமை பெருமளவு போய்விடுகிறது. அந்தக் கடிதம் கிளை அலுவலகத்திலோ வாயிலிலிருந்த ஊழியரிடமோ வந்து சேர்ந்திருந்தாலும், நமக்குத் தெரியவில்லை என்று பின்னாளில் சொல்வது எளிதல்ல. ஆகவே வந்த நாளையும் பெற்றவரையும் குறித்து, பட்டுவாடாவுக்கு ஒப்புதல் தருபவரின் கைக்கு அன்றே கொண்டுசேர்க்க வேண்டும்.

ஓசையில்லாமல் நிறுத்தி வைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. ஏனென்றால் இதைச் செய்பவர் தாம் எச்சரிக்கையோடு நடந்துகொண்டதாகவே மனப்பூர்வமாக நம்புகிறார். இரண்டு கடிதங்களும் வந்ததும் பில்லின் மேல் ‘தகராறு, நிறுத்தி வைக்கவும்’ என்று ஒரு குறிப்பு விழுகிறது. யாருக்கும் பதில் போவதில்லை. பணம் தனியாக ஒதுக்கப்படுவதில்லை. அடுத்த பில்லும் அதன் மேலேயே அடுக்கப்படுகிறது. செலுத்தாத பணத்தால் என்ன கேடு வந்துவிடும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் கணக்கு.

கேடு வருகிறது. இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். பராமரிப்பு நிறுவனத்தின் தலைமை பிளவுபட்டதும், அதற்கு மாதந்தோறும் பணம் தர வேண்டிய நிறுவனத்தின் கணக்கு அதிகாரி எல்லாப் பட்டுவாடாவையும் நிறுத்தினார். அந்தத் தொகை வேறு செலவுகளுக்குப் போய்விட்டது. இதற்கிடையே, நெடுநாள் பழக்கமுள்ள பழைய நிர்வாகி தொலைபேசியில் வருத்தப்படவே, ‘கவலை வேண்டாம், உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறோம், நிலைமை சீரானதும் தந்துவிடுவோம்’ என்று ஒரு மின்னஞ்சலும் எழுதிவிட்டார். சில மாதங்கள் கழித்து இரு தரப்பினரும் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டு, ஒரே குரலில் நோட்டீஸ் அனுப்பினார்கள். தாமத வட்டி கேட்டதோடு, கெடு தவறினால் பணியை நிறுத்தலாம் என்ற ஒப்பந்த உரிமையைப் பயன்படுத்திப் பராமரிப்பையும் நிறுத்தினார்கள். வட்டியைக் கட்டிவிடலாம், நின்றுபோன இயந்திரங்களால் வந்த இழப்பு அதைப்போலப் பல மடங்கு. ‘உங்களுக்குள் தகராறு இருந்ததே’ என்று எதிர்வாதம் செய்தபோது வந்த பதில் எளிமையானது: ஒப்பந்தத்தில் எழுதியிருந்த எங்கள் வங்கிக் கணக்கு மாறவே இல்லை, அதில் செலுத்துவதை யார் தடுத்தார்கள்? அதற்கு அந்தக் கணக்கு அதிகாரியிடம் பதில் இல்லை.

கடன் நிறுவனத்துக்கு உரியது, நிர்வாகிக்கு உரியதல்ல. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி சண்டை என்பதற்காக அந்த வீட்டுக்கு நாம் தர வேண்டிய கடனின் தவணை தள்ளிப்போவதில்லை. ஆகவே இத்தகைய கடிதங்கள் வந்தால் யார் உண்மையான நிர்வாகி என்று தேடாமல், எப்படிச் செலுத்தினால் நம் கடன் தீரும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடிதங்களை இந்தக் கண்ணோடு மறுபடி படித்தால், பல சமயங்களில் இரு தரப்பினரும் பழைய கணக்கு நிறுவனத்தினுடையதுதான் என்பதை மறுக்கவில்லை, அதை யார் இயக்குவது என்பதில்தான் மோதுகிறார்கள் என்பது தெரியவரும். அப்படியானால், நீதிமன்றத் தடை ஏதும் இல்லாதவரையில், ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட கணக்கிலேயே செலுத்திவிட்டு, இருவருக்கும் அந்த நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்துக்கும் ஒரே வாசகமுள்ள அறிவிப்பை அன்றே அனுப்பிவிடுவதுதான் பொதுவாகப் பாதுகாப்பான வழி. கணக்கில் விழுந்த பணத்தை எடுக்க யாருக்கு அதிகாரம் என்பது அவர்களுக்கும் அவர்களுடைய வங்கிக்கும் இடையிலான விஷயம்.

அந்தக் கணக்கே மூடப்பட்டுவிட்டாலோ, அது நிறுவனத்தின் கைக்கு அப்பால் போய்விட்டதாக ஒரு தரப்பு ஆவணத்தோடு சொன்னாலோ நிலைமை வேறு. அப்போதும் நிறுத்தி வைப்பது மட்டும் போதாது. தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, செலுத்த ஆயத்தமாக இருப்பதை இரு தரப்புக்கும் எழுத்தில் தெரிவித்து, இருவரும் கையொப்பமிட்ட கூட்டு உத்தரவை ஒரு தேதிக்குள் தரும்படி கேட்க வேண்டும். அது வராவிட்டால் இருவரும் ஒப்புக்கொள்ளும் மூன்றாமவரிடம் எஸ்க்ரோ கணக்கில், அதாவது தகராறு தீரும்வரை அவர் பணத்தைக் காத்து வைக்கும் கணக்கில், வைக்க முன்வரலாம். அதற்கும் இணங்காவிட்டால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தை அணுகலாம். ஒரே பணத்துக்கு இருவர் உரிமை கோரும்போது, அதை வைத்திருப்பவரே அவர்களை நீதிமன்றத்தின் முன் நிறுத்தும் இன்டர்ப்ளீடர் என்ற வழக்கு முறைக்கு இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 88ஆம் பிரிவிலும், அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற உரிமையியல் விதிகளின் 22ஆம் விதியிலும், இங்கிலாந்தின் நடைமுறை விதிகளின் 86ஆம் பகுதியிலும் இடமுண்டு.

இந்திய நடைமுறையில் அந்த வழியைத் தேடுபவர், செலவுத் தொகை தவிர அந்தப் பணத்தில் தமக்கு எந்த உரிமையும் இல்லை என்றும், உரிமை கோரும் எவரோடும் தமக்கு மறைமுகக் கூட்டு இல்லை என்றும் மனுவிலேயே சொல்ல வேண்டும். மேலே சொன்ன அந்த ஆறுதல் மின்னஞ்சலை மனத்தில் வைத்து இதைப் படித்துப் பாருங்கள். ‘உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறோம்’ என்ற ஒரு வரி, நடுநிலையாளர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியையே கேள்விக்குள்ளாக்கிவிடும். பில்லில் நமக்குக் கழிவுகள் இருந்தாலும் இதே சிக்கல்தான்: அபராதமோ குறைபாட்டுத் தொகையோ பிடிக்க எண்ணினால், மறுக்கப்படாத தொகையையும் நாம் மறுக்கும் தொகையையும் முதலிலேயே பிரித்து எழுதிவிட வேண்டும். அதிகாரத் தகராறைச் சாக்காக்கித் தரத்தகராறைப் பின்னால் கிளப்புபவரை எந்த நீதிபதியும் எளிதில் நம்புவதில்லை.

பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுப்பது

தவறான கைக்குப் போன பாதியை மறுபடியும் செலுத்த நேரிடும்.

தொலைபேசியில் வரும் உத்தரவு

கேட்டுக்கொள்ளுங்கள்; எழுத்தில் வரும்வரை எதுவும் செய்யாதீர்கள்.

ஒரு தரப்பின் பொறுப்புறுதிக் கடிதத்தை நம்புவது

‘எங்களுக்குச் செலுத்துங்கள், பின்னால் இழப்பு வந்தால் ஈடுசெய்கிறோம்’ என்ற கடிதத்தைக் கண்டதும் பலருக்கு நிம்மதி பிறந்துவிடுகிறது. அதை நிறுவனத்தின் சார்பில் எழுதித் தருபவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் தகராறு என்றால், அவர் தோற்ற மறுநாளே அந்த உறுதி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஏற்கத்தான் வேண்டும் என்றால், கடிதம் தருபவர் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பேற்க வேண்டும். அல்லது வங்கி உத்தரவாதம் வாங்க வேண்டும். இந்த நிபந்தனையைச் சொன்னதுமே கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஒப்பந்தத்தில் இதற்கென ஒரு பிரிவு எழுதாமல் விடுவது

பணிவிவரத்துக்குப் பல பக்கங்கள் ஒதுக்கும் ஒப்பந்தங்கள், பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதைப் பில்லின் அடிக்குறிப்புக்கு விட்டுவிடுகின்றன. கணக்கு எண்ணை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதி, அதை மாற்ற இரண்டு இயக்குநர்களின் கையொப்பமும் நாம் எழுத்தில் தரும் ஏற்பும் வேண்டும் என்று வைக்கலாம். முரண்பட்ட உத்தரவுகள் வந்தால் பழைய கணக்கிலோ எஸ்க்ரோவிலோ செலுத்துவது கடனைத் தீர்க்கும் என்றும், நாம் அறிவிப்பு அனுப்பிய நாள் முதல் தாமத வட்டியும் பணி நிறுத்த உரிமையும் இயங்காது என்றும் சேர்த்துக்கொள்ளலாம். கையெழுத்திடும் நாளில் இரு தரப்பும் நட்பாக இருப்பதால் இந்தப் பிரிவுக்கு யாரும் எதிர்ப்புச் சொல்வதில்லை.