வலியோடு மாரத்தான், டிரையத்லான் பயிற்சி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரத்தானுக்கோ, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானுக்கோ பல மாதங்கள் பயிற்சி எடுத்தவர்களில், உடம்பில் ஒரு நோவும் இல்லாமல் தொடக்கக் கோட்டில் வந்து நிற்பவர்கள் குறைவு. ஆகவே ‘வலி இருந்தால் ஓடாதே’ என்ற அறிவுரையால் பெரும்பாலும் பயனில்லை. கேட்பவர் தலையாட்டிவிட்டு மறுநாள் விடியற்காலையில் ஓடப் போய்விடுவார். ‘பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு’ என்பதோ ஆபத்தானது. வலிப்பது தசையா, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணா, எலும்பா, அது ஆறுவதற்கு எவ்வளவு காலம் கேட்கும் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லா வலியையும் ஒரே விதமாக நடத்துவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. தசைநாண்களுக்கும் எலும்புகளுக்கும் மாதக்கணக்கில் ஆகும். கூடுதல் பளு விழும்போது எலும்பு முதலில் பழைய திசுவை அரித்து அகற்றிவிட்டு, அதன் பிறகுதான் புதியதைக் கட்டத் தொடங்குகிறது. அரிப்பு சில வாரங்களில் முடிந்துவிடும். புதிய எலும்பு நிரம்பிக் கெட்டிப்படப் பல மாதங்கள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பு இருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும். ‘இப்போதெல்லாம் மூச்சே வாங்குவதில்லை, இன்னும் ஐந்து கிலோமீட்டர் கூட்டலாம்’ என்று தோன்றுகிற நாள்களும் எலும்பு இளைத்திருக்கிற நாள்களும் ஏறத்தாழ ஒன்றாகவே வருவதால்தான், மூச்சை வைத்துத் தூரத்தைக் கூட்டுவது முதல் தவறாகிறது.

டிரையத்லான்காரர்களிடம் இதே தவறு வேறு உருவத்தில் வருகிறது. கால் வலிக்காக ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஆறு வாரம் நீந்தியும் சைக்கிள் மிதித்தும் மூச்சுத்திறனைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அது நல்ல முடிவுதான். ஆனால் நீச்சலில் உடல் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது, சைக்கிளில் சீட் தாங்கிக்கொள்கிறது. ஓட்டத்திலோ ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. ஆறு வாரம் அந்த விசையைப் பார்க்காத காலைக் கொண்டு, முதல் நாளே பழைய வேகத்தில் பத்து கிலோமீட்டர் ஓடினால் பழைய வலியோ புதிய வலியோ வந்தே தீரும். திரும்ப ஓடத் தொடங்கும்போது ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, வேகத்தைக் காட்டும் கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

கணைக்கால் வலியைத் தவறாகக் கணிப்பதுதான் எல்லாவற்றிலும் அதிக விலை கேட்பது. நாற்காலியில் உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு எங்கே அழுத்தினாலும் பரவலாக நோகிறது, ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் வலி தணிகிறது என்றால், அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுவின் நோவாக இருக்கும். தூரத்தைக் குறைத்தால் தணியக்கூடும். விரல் நுனி அளவுள்ள ஒரே இடத்தில் மட்டும் சுருக்கென்று வலிக்கிறது, ஓட ஓட வலி கூடுகிறது, இரவில் படுத்திருக்கும்போதும் குடைகிறது என்றால், எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம் என்று எண்ணி ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இத்தகைய விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகக்கூடும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முன்னதாகவே தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் ஓடி, ஏழெட்டு வாரத்தில் ஆறியிருக்க வேண்டியதை ஐந்து மாதமாக இழுத்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. இடுப்பு மடிப்பின் ஆழத்தில் வலி வந்தால் இன்னும் கவனம் தேவை. தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல் முழு முறிவாகி அறுவை சிகிச்சை வரை போகக்கூடியது என்பதால், ‘ஓடித்தான் பார்ப்போமே’ என்ற சோதனைக்கு அங்கே இடமே இல்லை.

தசைநாண் விஷயத்தில் தவறு நேர் எதிராக நடக்கிறது. குதிகாலுக்கு மேலுள்ள பெரிய தசைநாண் நொந்திருப்பவர், காலையில் கட்டிலை விட்டு இறங்கிய முதல் பத்து அடியை விறைப்போடு வைப்பார். பிறகு அது இளகிவிடும். அவர் இரண்டு வாரம் முழு ஓய்வெடுக்கிறார், வலி மறைகிறது, ஓடிய முதல் நாளே திரும்ப வருகிறது. ஓய்வில் தசைநாண் மேலும் பலம் இழந்ததுதான் காரணம். அதற்கு வேண்டியது அளவான பளு. ஸ்வீடனின் ஹொகான் ஆல்ஃபிரெட்சன் குழுவினர் 1998இல் வெளியிட்ட பயிற்சி முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழிறக்குவது, முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை, ஒவ்வொன்றும் பதினைந்து வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம். வலி தசைநாணின் நடுவில் இல்லாமல் அது குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் இருந்தால், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே செய்ய வேண்டும். அந்த இடத்தை வலிந்து நீட்டி இழுப்பது வலியைக் கூட்டும். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவுக்கு வலித்தாலும், மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடாமல் இருந்தால் தொடரலாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் ஷூ, சீட் உயரம், ஓடும் பாணி மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிடுகிறார்கள்; பிறகு எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போகிறது. சைக்கிளில் முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கக்கூடும், பின்புறம் வலித்தால் உயர்ந்திருக்கக்கூடும். ஓட்டத்தில் அதே வேகத்துக்கு அடிகளின் எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினால், அடியின் நீளம் குறைந்து முழங்காலின் சுமையும் குறையும்.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று உணவைக் குறைப்பதும் காயத்துக்குப் பாதை போடுகிறது. பயிற்சி செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாத உடம்பு எலும்பைப் பழுதுபார்ப்பதையும் குறைத்துக்கொள்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய எச்சரிக்கை.

போட்டி நாளன்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது பரவலாக இருக்கிறது. நான் மிகவும் அஞ்சுவதும் இதற்குத்தான். நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற, வீக்கத்தையும் குறைக்கும் வலி மாத்திரைகள், சிறுநீரக ரத்தக் குழாய்களைத் திறந்து வைக்கும் வேதிப்பொருள்களின் உற்பத்தியையும் தடுத்துவிடுகின்றன. உடலில் தங்கும் நீரை வெளியேற்றுவதும் கடினமாகிறது. தாகத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பவருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பாலா ராட்கிளிஃப், கால் காயத்துக்காக வீக்கம் குறைக்கும் மாத்திரைகளை அதிக அளவில் எடுத்து, வயிறு கெட்டு, உணவு உடலில் சேராமல், மாரத்தானை முடிக்க முடியாமல் சாலையோரத்தில் நின்றுவிட்டார். சிறந்த மருத்துவ உதவி பெற்ற உலகச் சாதனையாளருக்கே நேர்ந்தது அது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை அவர் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காயத்தால் தவறிய வாரங்களைக் கடைசி இரண்டு வாரத்தில் ஈடுகட்ட முயல்வதும் வேண்டாம். அப்போது ஓடும் நீண்ட ஓட்டம் களைப்பை மட்டுமே போட்டிக்குக் கொண்டுவரும். நிற்பதா, தொடர்வதா என்ற விதியைப் போட்டிக்கு முந்தைய நாளே வகுத்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். முப்பதாவது கிலோமீட்டரில் எடுக்கும் முடிவு தெளிவாக இருக்காது. டிரையத்லானில் சைக்கிளை விட்டு இறங்கியதும் முதல் இரண்டு கிலோமீட்டர் கால்கள் கனமாகவே இருக்கும். இரண்டு காலிலும் சமமாக இருந்து, போகப் போகக் குறைந்தால் கவலை வேண்டாம். ஒரு காலில் மட்டும் கூர்மையாகக் கூடிக்கொண்டே வந்து நடை நொண்டத் தொடங்கினால், அடுத்த தண்ணீர் மேசையில் நின்று, தன்னார்வலரிடம் மார்பு எண்ணைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டு வெளியேறுங்கள். சொல்லாமல் போனால் மருத்துவக் குழுவினர் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.