பாஸ்வேர்டு சரி, லேப்டாப்பில் மட்டும் வைஃபை சேரவில்லையா? இப்படிச் செய்து பாருங்கள்

போனில் வைஃபை ஓடுகிறது, டிவியில் ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் இணைய முடியவில்லை என்று வந்து நிற்கிறது. சென்னையில் ஃபைபர் இணைப்புக்கு மாறிய பல வீடுகளில் இதே கதைதான். புது ரவுட்டர் பெட்டியை மாட்ட வருகிறவர், எல்லாவற்றிலும் திரும்பப் பாஸ்வேர்டு அடிக்க வேண்டாமே என்று பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே போட்டுவிட்டுப் போவார். நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய லேப்டாப் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். பெரம்பூரில் சித்தப்பாவின் லேப்டாப்பைச் சரிசெய்த வரிசையிலேயே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள். இணைந்துவிட்டால் வைஃபை கார்டு நன்றாக இருக்கிறது. தகராறு கார்டுக்கும் வீட்டு ரவுட்டருக்கும் நடுவில்தான். அதிலும் இணையவில்லை என்றால் கீழே ட்ரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பற்றிச் சொல்லியிருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் வைஃபை, அதற்குள் மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ். உங்கள் வீட்டுப் பெயரைத் தேடி ஃபர்கெட் கொடுங்கள்.

"அதே பாஸ்வேர்டுதானேடா, அப்புறம் ஏன் அழிக்கச் சொல்றே?" என்று சித்தப்பா கேட்டார்.

"பாஸ்வேர்டு அதேதான் சித்தப்பா, பூட்டுதான் மாறிடுச்சு."

நடப்பது இதுதான். லேப்டாப் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் சேமிப்பதில்லை; எந்த வகைப் பாதுகாப்பு என்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பழைய ரவுட்டரின் பூட்டு 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை. புதுப் பெட்டியோ 2018-இல் அறிவிக்கப்பட்ட அடுத்த முறையான டபிள்யூபிஏ3-இல் இருக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் லேப்டாப் பழைய முறையிலேயே பேசப் போகிறது, ரவுட்டர் கதவைத் திறப்பதில்லை. அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தால் பலருக்கு இங்கேயே சரியாகிவிடும்.

சரியாகாதவர்களுக்கு அடுத்த கேள்வி: உங்கள் லேப்டாப்புக்கு டபிள்யூபிஏ3 தெரியுமா? விண்டோஸில் அந்த வசதி 2019-இல் வந்த 1903 பதிப்பிலிருந்துதான் உண்டு. விண்டோஸ் புதிதாக இருந்தால் மட்டும் போதாது, கார்டின் ட்ரைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் என், ஈ, டி, எஸ், ஹெச் ஐந்தையும் ஒட்டி அடியுங்கள். ஒரு ஸ்பேஸ். டபிள்யூ, எல், ஏ, என். ஸ்பேஸ். ஷோ. ஸ்பேஸ். ட்ரைவர்ஸ். என்டர். நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் ஆத்தென்டிகேஷன் அண்ட் சைஃபர் என்று தொடங்கும் வரிக்குக் கீழே டபிள்யூபிஏ3-பெர்சனல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எத்தனை முறை பாஸ்வேர்டு அடித்தாலும் பலன் இல்லை. அதே பட்டியலில் ரேடியோ டைப்ஸ் என்ற வரியில் 802.11பி, ஜி, என் மட்டும் இருந்தால், கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிப்பது. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காட்டும் பெயர் கண்ணிலேயே படாது. வைஃபையைச் சரிசெய்வதாக விளம்பரம் செய்யும் எந்த மென்பொருளையும்விட இந்த ஒரு வரிக் கட்டளையைத்தான் நான் நம்புவேன்.

இனி ரவுட்டர். இணைப்பில் இருக்கும் போனின் பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடியுங்கள். எது என்பதும் நுழையும் பெயரும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். வயர்லெஸ், பிறகு செக்யூரிட்டி. டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறைக்கு மாற்றுங்கள். அதிலும் சில பழைய கார்டுகள் தடுமாறும். அப்போது டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே பிஎம்எஃப் என்று ஒன்று, இணைப்பை நடத்தும் செய்திகளுக்கான கூடுதல் காப்பு, இருக்கும். அது ரிக்வயர்டு என்றிருந்தால் ஆப்ஷனல் ஆக்குங்கள். டிகேஐபி என்ற பழைய முறையை மட்டும் தொடாதீர்கள். பாதுகாப்பும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். "ஓப்பனா விட்டுட்டா எல்லாம் சேருமே" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய ஃபிளாட்டில் பாஸ்வேர்டு இல்லாத வைஃபை இருக்கவே கூடாது.

என் விருப்பம் இன்னொன்று: 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து, அதை மட்டும் டபிள்யூபிஏ2-இல் விடுங்கள். புதுப் போன்கள் 5-இல் டபிள்யூபிஏ3-உடன் இருக்கட்டும். ஒரு பழைய லேப்டாப்புக்காக வீடு முழுக்கப் பாதுகாப்பைக் குறைப்பானேன்?

ட்ரைவர் பழசு என்றால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். நெட் இல்லாமல் எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டால் போதும், போனின் நெட் லேப்டாப்புக்கு வந்துவிடும். கார்டே பழசு, புது ட்ரைவர் கிடையாது என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கிவிடலாம். டூயல் பேண்ட் (2.4, 5 இரண்டையும் பிடிப்பது), டபிள்யூபிஏ3 இரண்டும் அட்டையில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிற்சேர்க்கை: இணைந்துவிட்டது, ஆனால் நெட் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் லேப்டாப்புக்கான எண்) 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். ஆபீஸுக்காக ஐபியைக் கையால் போட்டு வைத்திருந்தாலும் இணைந்தபின் நெட் வராமல் போகலாம். இரண்டுக்கும் ஐபி அசைன்மென்ட் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: நெட்வொர்க் பெயரை மறைத்து வைத்திருக்கும் வீடுகள். அங்கே பெயரையும் நாமேதான் அடிக்க வேண்டும். டபிள்யூபிஏ2-இல் பாஸ்வேர்டோடு பெயரையும் சேர்த்து 4096 சுற்று கணக்கிட்டுத்தான் சாவி உருவாகிறது. அதனால் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நடுவில் ஒரு ஸ்பேஸ் என எது மாறினாலும் இணையாது. வாட்ஸ்அப்பில் வந்ததைக் காப்பி செய்யும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஸ்பேஸும் இதில் சேர்த்தி. மறைத்து வைப்பதால் பாதுகாப்பு ஒன்றும் கூடிவிடாது. பெயரைத் தெரியும்படியே விட்டுவிடுங்கள்.